வலது காலைத் தேடிய கோடை

மச்சாள்,

இன்று காலை கராஜ் கதவைத் தூக்கியதும் அந்த மணம் வந்தது. பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. பழைய மீனெண்ணெய்ப் போத்தலைத் திறந்ததுபோல, கொஞ்சம் புளித்த மணம். உம்முடைய மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்து இரப்பர் வளையம் ஒன்று இந்தக் குளிரில் வெடித்திருக்க வேண்டும். உள்ளே இருந்த எண்ணெய் ஒழுகி, சீமெந்துத் தரையில் ஒரு தோசையளவுக்குப் பரவிக் கிடந்தது. நீர் போனபிறகு அதைப் பார்க்க ஏலாமல் அண்ணா என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டார். பிக்கரிங்கில் எங்கள் வீட்டில், பனி தள்ளும் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழந்துணியோடு குந்தியிருந்து துடைத்தேன். துடைக்கத் துடைக்க உம்மோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டெம்பர் ஞாயிறு. நீர், நான், உம்முடைய மனுசனாகிய என் அண்ணா, மூன்று பேரும் அப்பிள் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் நீர்தான் கண்ணாடியை இறக்கி, "பொறுங்கோ, உது என்ன சத்தம்?" என்றீர். அண்ணா சத்தம் வந்த பக்கம் என் வான் வண்டியைத் திருப்பினார். ஒரு பண்ணை நிலம். கயிறு கட்டிய மண்பாதை. மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில் இருபது வருடப் பழைய மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்து பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தன. ஓடியவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிய ஒருவர் பெண்.

அண்ணாவும் நானும் கொஞ்ச நேரத்திலேயே பார்த்து முடித்துவிட்டோம். நீர் கயிற்றை விட்டு அசையவில்லை.

"சீற்றைப் பாரும் மச்சாள், எவ்வளவு பதிவா இருக்கு. எனக்கு ரெண்டு காலும் நிலத்திலை முட்டும்."

"முட்டினா?"

"உது நான் ஓடுவன்."

அண்ணா சிரித்தார். நீர் சிரிக்கவில்லை.

ஊரில் தபால் கந்தோருக்கு, போர்க்காலத்தில் செல் விழுந்த குழிகளை விலத்தி விலத்தி மோட்டார் சைக்கிளில் போய்வந்த ஆள் நீர். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் அதை ஓட்டின கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர். இங்கே கார் சீற் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. போக பஸ், வர பஸ். புதிய போட்டி மோட்டார் சைக்கிள்கள் குதிரை உயரம். உம்மைப்போலக் கட்டையான ஆளை அதில் ஏற்றினால் கால் அந்தரத்தில் தொங்கும். பழையவை பதிவானவை, ஏனென்றால் அவற்றின் முன்னும் பின்னும் கொஞ்சத் தூரந்தான் அமுங்கி எழும்பும். அந்தப் பழையவற்றுக்கென்றே போட்டியில் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவில்தான் உமக்கு இடம் இருந்தது.

குளிர் முடிந்ததும் பிக்கரிங்கில் ஒரு தச்சுத் தொழிலாளியிடமிருந்து ஒன்றை வாங்கினீர். வெக்ஸ்போர்ட்டில் நீங்கள் இருந்த அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், அண்ணாவின் காருக்கும் தூணுக்கும் நடுவில், பழைய சேலையொன்றால் மூடி நிறுத்தினீர். சனிக்கிழமைகளில் அதை என் வானில் ஏற்றி, ஒரு விவசாயியின் தரிசு வயலுக்குக் கொண்டுபோவோம். அண்ணா மடிப்புக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். இஞ்சின் சத்தம் நிற்கும்போதெல்லாம், "முடிஞ்சுதோ?" என்று கேட்பார்.

யூனில் முதல் போட்டி. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பரிசோதிப்பார்கள். பரிசோதகர் மெலிந்த மனிதர், கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பிரேக் பார்த்தார், செயின் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, முன்சில்லை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கும் இரண்டு கால்களின் அடியையும் விரலால் தடவினார். இடது காலின் அடி மொட்டை. வலது காலின் அடியில் ஒரு சின்ன மேடு. உம்மையும் தடவிப் பார்க்கச் சொன்னார்.

வலது கால் பிந்திய மொடலுக்குரியது என்றார். வெளியே பருமன் ஒன்று என்பதால் பூட்டினால் பூட்டுப்படும். உள்ளே இருக்கும் தண்டு நீளம், கூடுதலாக அமுங்கும். இந்தப் பிரிவில் ஓடுவதென்றால் இரண்டு காலும் அந்தக் காலத்துக்குரிய சோடியாக இருக்கவேண்டும். வேண்டுமானால் அடுத்த பிரிவில் ஓடலாம் என்று, நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த பிரிவு அந்நேரம் வரிசையில் நின்றது. நெடிய மோட்டார் சைக்கிள்கள், அவற்றின்மேல் நெடிய ஆட்கள். ஒருவருடைய முழங்கால் உம்முடைய தோளுக்கு வந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம் இரகசியமாக, அந்த மேட்டை அரத்தால் தேய்த்துக் கறுப்பு மை பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்றார். நான் உமக்குத் தமிழில் சொன்னேன்.

"தேய்ச்சா உள்ளுக்கு நீளம் குறையுமோ எண்டு கேளும்" என்றீர்.

கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "அடுத்த பிரிவிலை ஓடினா என்ன மச்சாள்? ஒருக்கா ஓடத்தானே ஆசை."

நீர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர். "பிறப்புப் பத்திரத்திலை பேர் ஒரு மாதிரி, பாஸ்போட்டிலை இன்னொரு மாதிரி எண்டு மூண்டு வருசமா என்னை வாசல்லை வைச்சிருக்கினம். அது என்ரை கையிலை இல்லை. இது என்ரை கையிலை இருக்கு. சோடி சேத்துக்கொண்டுதான் போவன்."

ஒன்றில் உம்முடைய அப்பாவின் பெயர் முன்னுக்கு, மற்றதில் பின்னுக்கு. அந்தச் சின்ன விசயத்தில் உம்முடைய நிரந்தர வதிவிடம் அசையாமல் கிடந்த காலம் அது. அதற்குப்பிறகு அடுத்த பிரிவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இந்த நாட்டுக்கு நான் முதலே வந்தவள், ஆங்கிலம் ஓடும் என்பதால் ரெலிபோன் வேலை எனக்கு. வேலை முடிந்து வந்து, ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் ரிசீவருமாக, கடைகளுக்கும், பழையவற்றை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவர்களுக்கும் ரெலிபோன் அடிப்பேன். எந்த வருடத்து மொடல், அடி மொட்டையா மேடா என்று நான் கேட்கக் கேட்க, மறுமுனையில் இருப்பவர்கள் என்னையும் ஓடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அவசரமாகப் பிரித்தால், இடது கால். நீர் அதைச் சுவரோடு சாத்திவைத்துவிட்டு, "இனி ஆருக்கு அடிக்கப்போறீர்?" என்று கேட்டீர். யூலை அப்படியே போனது. இரண்டு போட்டிகளைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம்.

ஓகஸ்ட்டில் ஒரு பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வலது காலை முழுக்கக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துப் பரப்பியிருந்தீர். அடுப்பில் கணவாய்க் கறி. எண்ணெய் மணமும் கறி மணமும் சேர, அண்ணா பல்கனிக்குப் போய்விட்டார். நீர் பேப்பரை ஒதுக்கி, காலுக்குள் இருந்த நீளமான இரும்புக் குழாயை மேசைக் கண்ணாடியில் உருட்டிக் காட்டினீர். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு இடத்தில் மெல்லத் தூக்கிப்போட்டது.

"பாத்தீரோ? உது ஒருக்கா வளைஞ்சிருக்கு. ஆரோ நிமித்தியிருக்கினம்."

"அதுக்கு?"

"வளைஞ்ச காலை ஆரும் வாங்கிப் பூட்டுவினமோ? கடையிலை வாங்கினதெண்டா நேரா இருக்கும். உது ரெண்டு மோட்டச்சைக்கிள் பக்கத்திலை பக்கத்திலை நிண்ட வீட்டிலை நடந்த வேலை. ஒண்டு விழுந்து கால் வளைஞ்சிருக்கு. மற்றதின்ரை நல்ல காலைக் கழட்டி அதுக்குப் பூட்டிப்போட்டு, வளைஞ்சதைப் பிறகு நிமித்தி இதுக்குப் பூட்டியிருக்கினம்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. நீர் குழாயை உருட்டிக்கொண்டே இருந்தீர்.

"அப்ப என்ரை கால் மற்றதிலை இருக்கு. நாங்கள் இவ்வளவு நாளும் கடையிலை தேடினம். வீட்டைத் தேடவேணும்."

அடுத்த சனிக்கிழமை பிக்கரிங் தச்சுத் தொழிலாளியிடம் போனோம். தான் அதை விட்பியில் ஒரு வயதான மனிதரிடம் வாங்கியதாகச் சொன்னார். வீட்டு இலக்கம் நினைவில்லை. பழைய செங்கல் வீடு, முன்னால் ஒரு பெரிய வில்லோ மரம் என்றார். விட்பியில் அப்போது வயல்களெல்லாம் புது வீடுகளாகிக்கொண்டிருந்தன. ஒரே மாதிரியான வீடுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி, வில்லோ மரத்தை நீர்தான் முதலில் கண்டீர்.

கதவைத் திறந்தவர் இளவயதில் ஒல்லாந்திலிருந்து வந்தவர். முன்பின் தெரியாத இரண்டு தமிழ்ப் பெண்கள் மோட்டார் சைக்கிளின் வலது காலைக் கேட்டு வந்து நிற்பதை அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு கராஜுக்குக் கூட்டிப்போய், மூலையில் கிடந்த பழைய கம்பளத்தைத் தூக்கினார். உம்முடையதன் தம்பிபோல ஒன்று நின்றது. அனுமதி கேட்டு முழங்காலிட்டு, வலது காலின் அடியைத் தடவினீர். என்னை நிமிர்ந்து பார்த்தீர்.

"மொட்டை."

அவர் நம்பவில்லை. தானும் குனிந்து இரண்டு பக்கமும் தடவினார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். மூத்த மகன் நோயில் இறந்தபின், அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பார்க்க முடியாமல் விற்றுவிட்டாராம். இது இளையவனுடையது, அவன் அல்பேர்ட்டாவில் இருக்கிறான். இதில் மூத்தவனுடையது ஒன்று மிச்சமிருக்கிறது என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

"இதைத் தரமாட்டேன்" என்றார். கோபம் இல்லை. அந்தக் காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் நன்றி சொல்லிப் புறப்படத் தயாரானேன். நீர் எழும்பவில்லை.

"ஏன் மாத்தினவை எண்டு அவருக்குத் தெரியுமோ எண்டு கேளும்."

தெரியாது என்றார்.

"இளைய மகனுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெலிபோன் எடுத்துக் கேக்கச் சொல்லும். தரச்சொல்லிக் கேக்கேல்லை எண்டும் சொல்லும்."

சொன்னேன். அவர் தலையாட்டினார். உங்கள் வீட்டு ரெலிபோன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். நெடுஞ்சாலைக்கு ஏறினோம்.

"தராட்டி?" என்று கேட்டேன்.

"தராட்டி வேறை வீடு தேடுவம்."

இரண்டு கிழமை கழித்து அவர் ரெலிபோன் எடுத்தார். மோட்டார் சைக்கிளோடு வரச் சொன்னார். போனோம். இந்தமுறை அண்ணாவும் வந்தார். அந்த மனிதர் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, மகன் சொன்னதைச் சொன்னார். ஒரு போட்டிக்கு முதல்நாள் இளையவன் பயிற்சியில் விழுந்து முன்கால் வளைந்துவிட்டது. தகப்பனுக்குத் தெரிந்தால் ஓட விடமாட்டார் என்று அழுதிருக்கிறான். மூத்தவன் தன்னுடைய காலைக் கழற்றித் தம்பியுடையதில் பூட்டிக் கொடுத்திருக்கிறான். அடுத்தநாள் தனக்கு வயிற்றுவலி, ஓடவில்லை என்று தகப்பனிடம் சொல்லியிருக்கிறான்.

"இத்தனை வருடமும் வயிற்றுவலி என்றுதான் நினைத்திருந்தேன்" என்றார். "தம்பி ஓடியதை வேலியில் சாய்ந்து நின்று பார்த்தான். கையும் தட்டினான்."

அவருடைய ஆங்கிலம் உமக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"அவன் இதைக் கழற்றிக் கொடுத்தது ஒருவர் ஓடுவதற்காக. கம்பளத்துக்குக் கீழே நிற்பதற்காக இல்லை."

திருகாணிகளைத் தானேதான் கழற்றவேண்டும் என்று நின்றார். நீர் சில்லைப் பிடித்துக்கொண்டீர். உம்முடையதில் இருந்த கால் இளையவனுடையதற்குப் போனது. மூத்தவனுடையது திரும்பி வந்தது. முடிந்ததும் அவர் இளையவனுடைய மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் பாரம் போட்டு அழுத்திவிட்டு, கையை எடுத்தார். முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் மேலே வந்தது. அண்ணா, அதுவரை இந்த விசயத்தில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாதவர், "இப்ப வடிவா எழும்புது" என்றார்.

ஒக்டோபரில் அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. முதல்நாள் மழை பெய்து பாதை களியாகக் கிடந்தது. பரிசோதகர் உம்மை மறந்திருக்கவில்லை. நேரே முழங்காலிட்டு வலது காலின் அடியைத் தடவினார், பிறகு இடது, மறுபடி வலது. எழும்பி, அனுமதி ஸ்ரிக்கரை ஒட்டிவிட்டு, உம்முடைய கையைக் குலுக்கினார். விட்பி மனிதரும் வந்திருந்தார். அண்ணாவுக்குப் பக்கத்தில் தன்னுடைய கதிரையை விரித்தார்.

ஓடுகிற ஒவ்வொருவரும் கொடி பிடிக்க ஒரு ஆளைக் கொண்டுவரவேண்டும். உமக்கு நான். ஒரு மேட்டுக்கு அப்பால் என்னை நிறுத்தி, மஞ்சள் கொடியைத் தந்து, பொறுப்பாக இருந்த பெண் விளங்கப்படுத்தினார். மேட்டுக்கு இந்தப் பக்கம் யாராவது விழுந்தால் அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியாது. விழுந்தவரிடம் ஓடவேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். வருகிறவர்களைப் பார்த்து நின்று கொடியை ஆட்டவேண்டும். நீ இடத்தை விட்டால் அடுத்தவர் அவருக்கு மேல் வந்து விழுவார் என்றார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். யாரோ ஒருவர் விழுவார் என்றுதான் நினைத்தேன்.

தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த கயிறு விழுந்ததும் எல்லாரும் போனார்கள். நீர் கடைசிக்கு இரண்டு பேருக்கு முன்னால். முதல் சுற்றில் என்னைத் தாண்டும்போது உம்முடைய முகம் முழுக்கக் களி, பல் மட்டும் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் மேட்டின் உச்சியில் ஏறினீர், முன்சில்லு ஒரு பள்ளத்தில் சறுக்கியது, என் காலடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியில் விழுந்தீர். மோட்டார் சைக்கிள் உம்முடைய காலுக்கு மேலே.

நான் ஒரு எட்டு வைத்துவிட்டேன், மச்சாள். கொடியைக் கீழே போடக் கை விரிந்துவிட்டது. நீர் களியிலிருந்து தலையைத் தூக்கி, சந்தையில் மீன் வாங்கும்போது கதைக்கிற அதே குரலில் சொன்னீர்.

"அங்காலை திரும்பும் மச்சாள். கொடியை ஆட்டும்."

திரும்பினேன். உமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மேட்டுக்கு அப்பால் இஞ்சின் சத்தம் ஏறி ஏறி வந்தது. இரண்டு கையாலும் ஆட்டினேன். ஒரு ஹெல்மெட் உச்சியில் தெரிந்தது, கொடியைக் கண்டது, ஓரத்துக்கு வெட்டிக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. எனக்கு உம்மைப் பார்க்க முடியவில்லை. கேட்க மட்டும் முடிந்தது. யாரோ ஓடி வந்த காலடிச் சத்தம். இரும்பு நிமிரும் சத்தம். நீர் ஏதோ ஏசினது. கிக்கரை உதைத்தது, திரும்ப உதைத்தது, திரும்ப உதைத்தது. நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு இஞ்சின் இருமிப் பற்றிக்கொண்டது, களி என் முதுகில் வந்து அடித்தது.

கடைசியாக வந்தீர். உமக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. விட்பி மனிதர் ஓடிவந்து முதலில் முன்கால்கள் இரண்டையும் தடவிப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் உம்முடைய காலைப் பற்றிக் கேட்டார். அண்ணா உம்முடைய முகத்தைத் தன்னுடைய சட்டை நுனியால் துடைத்தார். பலகையில் முடிவுகளை ஒட்டினார்கள். உம்முடைய பிரிவில், அடியில், உம்முடைய பெயர். அப்பாவின் பெயர் எந்தப் பக்கம் நின்றதென்று நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு கோடையும் ஓடினீர். பிறகு மணிக்கட்டு விடவில்லை. வதிவிட அனுமதி வந்தது, வீடு வந்தது, எங்களுக்கு வயதும் வந்தது. போன மாரியில், ஆஸ்பத்திரியில், உம்முடைய கையை நான் பிடிக்க, பிடி போதாது என்று நீர் குறைசொன்னீர். அதற்குப் பிறகு ஐந்தாறு நாள்தான்.

உம்முடைய செத்தவீடு முடிந்து ஒரு கிழமை இருக்கும். கிங்ஸ்டன் வீதியில் பஸ் தரிப்பில் நின்றேன். நிலமெல்லாம் கண்ணாடிபோல ஐஸ். தெருவைக் கடக்க இறங்கிய ஒரு சீன அம்மா வழுக்கி, வாகனம் வருகிற பக்கத்திலேயே விழுந்துவிட்டார். தரிப்பில் நின்ற எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீதி நடுவில், கழுத்துச் சால்வையை உருவி இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு லொறி வேகம் குறைத்தது. அதற்குப் பின்னால் கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னுக்கு, "மெல்ல, மெல்ல" என்று பல குரல்கள் கேட்டன. யாரோ ஒரு பொடிச்சி வந்து என் தோளைத் தொட்டு, "அன்ரி, அவ எழும்பிட்டா" என்று சொல்லும்வரை நான் திரும்பவில்லை.